தூரத்தை மட்டும் அளக்கும் சட்டம்

டாஸ்மாக் கடைகளை ஒட்டிய பார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்புகளின் தலைப்பை நிதானமாகப் படித்தவர்கள் குறைவு. மது பரிமாறும் உரிமை என்று அதில் இருக்காது. தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில்களைச் சேகரிக்கவும் உரிமை என்றே இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு அந்த இடம் ஒரு பலகாரக் கடையும் பழைய பாட்டில் கடையும் சேர்ந்த ஒன்று. மதுவை விற்பவர் பக்கத்துக் கம்பி சன்னலுக்குப் பின்னால் நிற்கும் விற்பனையாளர். மூடி திறக்காத பாட்டிலைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதும் அவர் வேலை முடிந்தது. பாரை ஏலம் எடுத்தவருக்கோ சுண்டலும் தண்ணீரும் டம்ளரும்தான் வியாபாரம். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது எத்தனையாவது பாட்டில் என்பது அவர் கணக்கில் வராது. ஊற்றிக் கொடுப்பவர் என்று ஒருவரே இல்லாத இடத்தில் ஊற்றிக் கொடுப்பதற்கான விதி எங்கிருந்து வரும்? மது விற்பனை குறித்த நம் விதிகள் ஏறக்குறைய எல்லாமே கடை எங்கே இருக்கலாம், எப்போது திறக்கலாம் என்பதைப் பற்றியவை. மது கைமாறும் அந்த நிமிடத்தைப் பற்றி அவை பேசுவதில்லை. பேசினாலும் அதற்குக் கணக்குக் கேட்பார் இல்லை. இந்தப் புறக்கணிப்பு தற்செயலானதல்ல, சட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது என்பதும், அதைச் சரிசெய்ய முடியும் என்பதும்தான் இங்கே என் வாதம்.

பிறப்பிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் மது இன்றும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் விற்கப்படுகிறது. ராஜாஜி அமைச்சரவை அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் கருணாநிதி அரசு அதை நிறுத்திவைத்தது, 1974க்குள் திரும்பக் கொண்டுவந்தது, 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடியும் கடைகளைத் திறந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் உருவானது. 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது. இத்தனை திறப்புக்கும் மூடலுக்கும் நடுவே சட்டத்தின் பெயர் மாறவேயில்லை. துறையின் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான். இதில் வேடிக்கை இருப்பது உண்மை, ஆனால் வேடிக்கையோடு போய்விடுவதில்லை. மது குற்றம் என்பதிலிருந்து தொடங்கும் சட்டத்தில் உரிமம் என்பது குற்றத்திலிருந்து தரப்படும் விலக்கு. விலக்கு தருபவர் எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருக்கு என்று எல்லை போடுவார். அந்த எல்லைக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விவரித்தால், செயலையே ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்ற கூச்சம் அவருக்கு இருக்கும். சுவரைக் கவனமாகக் கட்டி, உள்ளே நடப்பதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் இந்தக் கூச்சத்திலிருந்து வந்தது.

அந்தச் சுவர் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. 2016 முதல் கடை திறப்பது பகல் 12 மணிக்கு, மூடுவது இரவு 10 மணிக்கு. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள் உட்பட ஆண்டுக்கு எட்டு நாள் விடுமுறை. இவை வீண் விதிகள் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் கடை இருக்கக் கூடாது என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. விற்பனை நேரத்தைக் குறைத்தால் தீங்கு குறையும் என்பதற்குப் பல நாடுகளில் சான்று உண்டு. ஆனால் இவை கேட்கும் கேள்விக்குத்தான் இவற்றால் பதில் தர முடியும். இரவு 10 மணிக்குச் சட்டர் இறங்கியதும் கள்ளத்தனமாக விற்கும் சந்துக்கடை திறப்பதையும், விடுமுறைக்கு முந்தின நாள் பாட்டில்கள் வீடுகளில் அடுக்கப்படுவதையும் நேரத்தை மட்டும் பார்க்கும் விதியால் தடுக்க முடியாது. வயது விதியும் அப்படித்தான். நம் பக்கம் 21, கேரளத்தில் 23, டெல்லியில் 25, புதுச்சேரியில் 18. கடலூரிலோ விழுப்புரத்திலோ இருக்கும் 19 வயதுப் பையனுக்கு இந்த எண்களின் அர்த்தம், எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பதுதான்.

தூரத்தை அளக்கும் சிந்தனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நெடுஞ்சாலை வழக்கைவிட நல்ல பாடம் இல்லை. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. நோக்கத்தில் குறை காண முடியாது. குடித்துவிட்டு ஓட்டுவதால் சாலையில் போகும் உயிர்களைக் காக்கவே அந்தத் தீர்ப்பு. 2017 மார்ச் 31 அன்று, 20,000 வரை மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். கேரளத்தில் வடக்குப் பரவூரில் ஒரு மதுக்கூடம், சாலையிலிருந்து வாசலுக்கு வளைந்து வளைந்து நடக்கும்படி சுவர் எழுப்பி, நடக்கும் தூரத்தை நீட்டிக் காட்டியது. பல மாநிலங்களில் சாலைகளே பெயர் மாறின. நேற்று மாநில நெடுஞ்சாலையாக இருந்தது இன்று உள்ளாட்சிச் சாலையானது. தமிழ்நாட்டில் கடைகள் ஊருக்கு உள்ளே நகர்ந்தன, வீடுகளுக்கும் வயல்களுக்கும் அருகே. அதுவரை பேருந்து நிறுத்தத்தில் இருந்த தொல்லை தெருமுனைக்கு வந்ததும் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அந்த ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடியவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. ஜூலையில் சண்டிகர் வழக்கில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளை அந்தத் தீர்ப்பு தடுக்காது என்று உச்ச நீதிமன்றமே விளக்கியது. ஏழு மாதங்களில் நாடு முழுவதும் அளவுநாடா பிடித்தோம். ஆனால் தள்ளாடிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடுகிறவருக்கு இன்னொரு பாட்டில் கொடுக்கலாமா என்ற கேள்வி அந்த அமளியில் எழவே இல்லை.

அந்தக் கேள்விக்குள் நுழைந்தால் முதலில் தட்டுப்படுவது அளவு. டாஸ்மாக்கில் மதுவின் மிகச் சிறிய அளவு குவார்ட்டர், அதாவது 180 மில்லி. இந்தியாவில் தயாராகும் பிராந்தி, விஸ்கி, ரம் வகைகளின் வழக்கமான வீரியம் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் சுமார் 77 மில்லி, எடையில் ஏறக்குறைய 61 கிராம், சுத்த ஆல்கஹால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிப்பழக்கத்தை அளக்க ஒரு கோப்பை என்று எடுத்துக்கொள்வது 10 கிராம். எனவே குவார்ட்டர் என்பது ஒரே மூடிக்குள் ஆறு கோப்பை. பிரிட்டன் மருத்துவர்கள் வாரத்துக்கு 14 அலகுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் இரண்டு குவார்ட்டர் ஒரு வார வரம்பைத் தாண்டிவிடுகிறது. நட்சத்திர ஓட்டலில், எஃப்.எல்.3 உரிமம் பெற்ற பாரில், இதே மது 30 மில்லி, 60 மில்லி பெக்காக அளந்து வருகிறது. இடையிடையே சர்வர் வருகிறார், பில் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது, நிறுத்துவதற்கு நான்கைந்து சந்தர்ப்பம் கிடைக்கிறது. கூலி வேலை முடித்து வருபவருக்கு அந்தச் சந்தர்ப்பமே இல்லை. திறந்த பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டு போகிற வழக்கம் நம் பார்களில் கிடையாது. ஏழைக்கு மிகப் பெரிய அளவையும் வசதிபடைத்தவருக்கு மிகச் சிறிய அளவையும் வைத்திருக்கும் ஏற்பாடு இது. குடிப்பவர்களே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: முன்பின் தெரியாத இருவர் கூட்டுச் சேர்ந்து ஒரு குவார்ட்டரை ‘கட்டிங்’ போட்டுக்கொள்வது. 2023இல் மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமி 90 மில்லி அட்டைப் பொதி பற்றிப் பேசியபோது இந்தக் கூட்டாளிக்காகக் காத்திருப்பவர்களைத்தான் காரணமாகச் சொன்னார். எதிர்ப்பு எழுந்தது: சிறிய பொதி மாணவர்கள் கைக்கும் எளிதாகப் போகும் என்று. அது தள்ளிவிடக்கூடிய பயமல்ல. எடுத்துச் செல்லும் பொதியாக 90 மில்லி வந்தால் அந்த ஆபத்து உண்டு. பாருக்குள் அளந்து ஊற்றும் அளவாக வந்தால் இல்லை. ஆனால் பாருக்குள் ஊற்றுவதற்குத்தான் நம் சட்டத்தில் ஆள் கிடையாதே.

ஆள் இல்லாததற்கு இரண்டாவது காரணம் பணம். 2003-04இல் ஆயத்தீர்வையும் விற்பனை வரியும் சேர்ந்து அரசுக்கு மதுவால் வந்த வருவாய் சுமார் 3,640 கோடி ரூபாய். 2023-24இல் அது சுமார் 45,856 கோடி. அடுத்த ஆண்டு 48,344 கோடி. விலைவாசி உயர்வைக் கழித்தாலும் இது பெரிய பாய்ச்சல். விற்பவரும், விற்பனையை மேற்பார்வை செய்பவரும், அந்த வருவாயை நம்பி வரவு செலவுத் திட்டம் போடுபவரும் ஒரே அரசு என்னும்போது, ‘இவருக்குப் போதும், கொடுக்காதே’ என்று சொல்லும் விதியை யார் எழுதுவார்? இதில் தமிழ்நாடு மட்டும் விதிவிலக்கல்ல. சுவீடனில் கோத்தன்பர்க் நகரம் 1865இல் ஒரு புது ஏற்பாட்டைச் செய்தது. சாராயம் பரிமாறும் உரிமை முழுவதையும் ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்து, அதன் பங்குதாரர் லாபத்துக்கு உச்சவரம்பு வைத்து, மீதியை நகரத்துக்குச் சேர்ப்பது. கடையை நடத்துபவருக்குச் சாராயத்தில் ஒரு காசும் இல்லை, உணவிலும் மற்றப் பானங்களிலும்தான் வருமானம். அதிகம் ஊற்ற யாருக்கும் ஆசை வரக் கூடாது என்பது எண்ணம். நம் பார்க்காரருக்கும் தின்பண்டத்தில்தான் வருமானம். ஒற்றுமை அந்த இடத்தோடு சரி. அங்கே நடத்துபவர் ஊற்றியவர், ஊற்றாமல் மறுக்கும் அதிகாரமும் பொறுப்பும் உள்ளவர். கோத்தன்பர்க் ஏற்பாட்டின் மீது எழுந்த முக்கியமான விமர்சனமும் நமக்குப் பழக்கமானதே: நகராட்சியே அந்த லாபத்துக்குப் பழகிவிட்டது. இதைக் கண்ட சுவீடன் பின்னாளில் அரசுச் சில்லறை நிறுவனத்துக்கு, லாபத்தைப் பெருக்குவதல்ல, தீங்கைக் குறைப்பதே பணி என்று வரையறுத்தது. உணவகங்களில் பரிமாறுவதை மேற்பார்வையிடும் வேலையை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. அரசு விற்பது தவறு என்பது என் கட்சியல்ல. விற்பவரே தன்னைத் தணிக்கை செய்துகொள்வதுதான் தவறு.

பரிமாறுவதைச் சட்டமாக்கிய இடங்களில் என்ன நடந்தது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் நான்கு நோக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டது: குற்றத் தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுப்பு, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது. வருவாய் அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு மதுக்கூடத்துக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். கேட்டவருக்குக் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும். சிறிய அளவில் கேட்டால் தர வேண்டும். போதையில் இருப்பவருக்கு விற்பது குற்றம். தொல்லைப்படும் அக்கம்பக்கத்தார் உரிமத்தை மறுபரிசீலனை செய்யக் கோரலாம். எழுதி வைத்ததாலேயே எல்லாம் நடந்துவிடவில்லை. போதையில் இருப்பவருக்கு விற்றதற்காக அங்கே வழக்குப் பதிவாவது அரிதிலும் அரிது. அப்படியானால் பயனில்லை என்று முடிவு கட்டலாமா? ஸ்டாக்ஹோம் நகரில் 1990களின் நடுவில் தொடங்கிய திட்டம் வேறு பதில் தருகிறது. நடிகர்களைக் குடிபோதையில் இருப்பதுபோல் மதுக்கூடங்களுக்கு அனுப்பி மது கேட்கச் சொன்னார்கள். 1996இல் மறுக்கப்பட்டது நூற்றுக்கு ஐந்து தடவை. பிறகு பரிமாறுவோருக்குப் பயிற்சி, போலீசும் உரிம அதிகாரிகளும் சேர்ந்த கண்காணிப்பு, உணவக உரிமையாளர்களோடு தொடர்ந்த பேச்சு என எல்லாம் நடந்தன. 1999இல் மறுப்பு 47 சதவீதம், 2001இல் 70 சதவீதம். திட்டம் நடந்த பகுதியில் வன்முறைக் குற்றங்கள் 29 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். பயிற்சியை மட்டும் நடத்திவிட்டுக் கண்காணிக்காமல் விட்ட ஊர்களில் பலன் சொற்பமே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விதி ஒரு பாதி, கேட்கும் ஆள் மறுபாதி. போதையில் இருப்பவருக்கு விற்காதே என்ற வரி இந்திய மாநிலங்களின் உரிம நிபந்தனைகளிலும் பழைய காலத்திலிருந்தே அங்கங்கே தென்படுவதுதான். நம்மிடம் குறைவது அந்த மறுபாதி.

எதிர்த்தரப்பு வாதங்களில் வலுவானது, நேர்மையானதும்கூட, முழு மதுவிலக்கு வேண்டும் என்பது. 2015 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்ட சசிபெருமாள் கேட்டதும் அந்தத் திசையில்தான். அழிந்த குடும்பங்களைக் கண்டவர்களிடம், இன்னும் நாகரிகமாக ஊற்றக் கற்றுக்கொள்வோம் என்று சொன்னால் கோபம் வருவது இயல்பு. ஆனால் சாராயம் அரசுக் கடை மூடினாலும் வரும், திறந்திருந்தாலும் வரும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைப் பறித்தபோது டாஸ்மாக் கடைகள் திறந்தேதான் இருந்தன. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மதுவிலக்கு இருந்தால் கள்ளச்சாராயம் பெருகும் என்ற அரசுத் தரப்பின் வழக்கமான பதிலும் இதனால் பாதி உடைகிறது. கடைகளை மூடினால் போதும் என்ற வாதமும் பாதி உடைகிறது. விலையும் கண்காணிப்பும்தான் அங்கே வேலை செய்த காரணிகள். கருணாபுரத்துக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனைவரை வழி செய்யப்பட்டது. கள்ளச்சாராயக்காரருக்குக் கடும் தண்டனை சரிதான். உரிமம் பெற்றவரின் அன்றாட நடத்தைக்கு அதில் ஒரு வரிகூடச் சேர்க்கத் தோன்றவில்லை. மதுவிலக்கை நோக்கியே போகிறோம் என்று வைத்துக்கொண்டாலும் அந்த இடைக்காலம் 1981இலிருந்து நீண்டுகொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும்.

பரிமாறும் விதி வந்தால் குடிக்கு மரியாதை கிடைத்துவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். 2023இல் மாநாட்டு அரங்குகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் சிறப்பு உரிமம் தரும் அறிவிக்கை வந்தபோது இதே குரல் எழுந்தது. திருமண மண்டபம் பட்டியலிலிருந்து போனது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஏனென்றால் அந்த அறிவிக்கை இடத்தைக் கூட்டியது, பொறுப்பைக் கூட்டவில்லை. எஃப்.எல்.2 உரிமம் பெற்ற மனமகிழ் மன்றங்கள் பற்றிய புகாரும் இந்த வகைதான்: உறுப்பினர்களுக்கு மட்டும் என்பது பலகையில் இருக்கிறது, உள்ளே வருபவர் யாராக இருந்தாலும் நாற்காலி கிடைக்கிறது. நான் கேட்கும் விதி இடத்தை ஒரு சதுர அடிகூடக் கூட்டாது. ஏற்கெனவே இருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் பொறுப்புள்ள ஒருவரை நிறுத்துவது மட்டுமே அது.

குடிப்பவர் பெரியவர், அவர் செயலுக்கு அவரே பொறுப்பு, விற்றவரை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. குடித்தவருக்குத் தண்டனை ஏற்கெனவே இருக்கிறது. பொது இடத்தில் போதையில் இருப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்; 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹாலோடு வண்டி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. அதாவது சன்னலுக்கு இந்தப் பக்கம் சட்டபூர்வமான வாடிக்கையாளர், பத்தடி தள்ளி வந்தால் குற்றவாளி. அந்தப் பத்தடிக்குள் லாபம் பார்த்தவர் யாருக்கும் பொறுப்பில்லை என்பதைத்தான் நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆறு மணிக் கூட்டத்தில் கம்பிக்குள் கைகள் நீளும்போது யார் போதையில் இருக்கிறார் என்று விற்பனையாளர் எப்படிப் பார்ப்பார் என்ற கேள்வி மட்டும் நியாயமானது. தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் 23,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் மேல் இன்னொரு சுமையை ஏற்றி, அடி வாங்க விடுவது தீர்வாகாது. சன்னல் பொறுப்பேற்க முடியாது. பார் ஏற்க முடியும். அங்கே மேசை இருக்கிறது, ஆள் உட்கார்ந்திருக்கிறார், பார்க்க நேரம் இருக்கிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர், இப்படிப் பார் நடத்த அனுமதி தரும் அதிகாரம் டாஸ்மாக்குக்கு இல்லை என்று கூறி பார்களை மூட உத்தரவிட்டார்; மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. பார்கள் இருக்கத்தான் போகின்றன என்றால் தின்பண்டக் கடை என்ற வேஷத்தைக் கலைத்துவிட்டு, மதுக்கூடம் என்றே உரிமம் கொடுக்கட்டும். மதுவிலக்கு ஆயத்தீர்வை ஆணையர் கொடுக்கட்டும், டாஸ்மாக் அல்ல. பொறுப்பாளர் பெயர் பலகையில் இருக்கட்டும். அளந்து ஊற்றட்டும், குடிநீர் சும்மா கொடுக்கட்டும், போதும் என்று மறுத்தால் போலீஸ் துணைக்கு வரட்டும், மறுக்காமல் ஊற்றினால் உரிமம் போகட்டும். கிராம சபையோ வார்டு குழுவோ கேட்டால் அந்த உரிமத்தை மறுபரிசீலனைக்கு எடுக்கட்டும்.

இதெல்லாம் நம் நிர்வாகத்தால் முடியாது என்று சொல்பவர்கள் நீலகிரிக்குப் போய்வர வேண்டும். காட்டில் வீசப்படும் பாட்டில்களின் கண்ணாடிச் சில் யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கவலைப்பட்டது. அதன் உத்தரவின்பேரில் 2022 மே மாதம் முதல் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. விற்ற பிறகும் பாட்டிலுக்குக் கடை பொறுப்பு என்பதை நம் அதிகாரிகளே நடத்திக் காட்டிவிட்டார்கள். வேறு சில நாடுகளில் போலீசார், போதையில் வண்டி ஓட்டிப் பிடிபட்டவரிடம் கடைசியாக எங்கே குடித்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரே மதுக்கூடத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் உரிம அதிகாரி அந்த வாசலுக்குப் போகிறார். இரவு பத்தரை மணிக்குச் சாலைத் தடுப்பருகே ஊதச் சொல்லும் காவலர், கருவி காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பாரின் பெயரையும் எழுதிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது.